கவுட் வலிக்குக் கண்வலி விதை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டம் மூலனூர் பக்கம். இரண்டு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது. கால் பெருவிரல் வீங்கிச் சிவந்துபோய், ராத்திரியில் போர்வை பட்டாலே துடிக்கிறார். கவுட் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையே கண்வலி விதையில் எடுப்பதுதான் என்று விதை வாங்க வந்த வியாபாரி சொல்கிறார். வீட்டில் மூட்டை மூட்டையாக விதை இருக்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும்? கொஞ்சம் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? எவ்வளவு கொடுக்கலாம்?

– தாராபுரம் வட்டத்து வாசகர்

பதில்: கொடுக்கக் கூடாது. பொடியாகவும் கூடாது, கஷாயமாகவும் கூடாது, தேனிலும் கூடாது. எவ்வளவு என்ற கேள்விக்கும் இதுதான் பதில். காய் பறித்து, விதை உடைத்து, களத்தில் காயவைக்கும் வீடுகளில் வேறு சிலருக்கும் இதே எண்ணம் வந்திருக்கலாம். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வியாபாரி பொய் சொல்லவில்லை. கவுட் வலி தாக்கும்போது டாக்டர்கள் எழுதும் மாத்திரைகளில் கோல்சிசின் ஒன்று. கண்வலி விதைக்கு விலை கிடைப்பதே பெரும்பாலும் அந்தச் சரக்குக்காகத்தான். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்சிகோசைடு என்ற மருந்தும் இதே விதையிலிருந்து வருவது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கத்துக் காடுகளில் ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றுகிறார்கள். கிளுவையிலும் கம்பியிலும் கொடி ஏற்றுகிறார்கள். பூ எடுத்ததும் காலை வெயில் ஏறுவதற்குள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். இத்தனை பாடுபட்டு எடுத்த விதை கடைசியில் போய்ச் சேருவது மருந்து ஆலைக்கு. அங்கே விதையைக் கரைப்பானில் ஊறவைத்து, சரக்கைத் தனியே பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து, மாத்திரைக்கு அரை மில்லிகிராம் என்று நிறுத்து அடைக்கிறார்கள். வியாபாரி சொல்லாமல் விட்டது இந்த நடுவேலையைத்தான். அவருக்கு விதையின் விலை தெரியும். மருந்தின் அளவு அவர் தொழில் அல்ல.

அரை மில்லிகிராம் எவ்வளவு?

ஒரு கிராமை 2,000 பங்கு வைத்தால் ஒரு பங்கு அரை மில்லிகிராம். சமையலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அதுவே சில நூறு மில்லிகிராம் வந்துவிடும். வீட்டில் இருக்கும் எந்தத் தராசும், நகைக்கடைத் தராசுகூட, அரை மில்லிகிராமைக் காட்டாது.

இனி விதைக்கு வருவோம். கண்வலி விதையில் 100 கிராமுக்குச் சுமார் 0.7 முதல் 0.9 கிராம் வரை கோல்சிசின் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. கிழங்கில் 0.1 முதல் 0.3 கிராம் வரை. அப்படியானால் ஒரே ஒரு கிராம் விதைப்பொடியில் 7 முதல் 9 மில்லிகிராம். அதாவது 14 முதல் 18 மாத்திரை. தேனில் குழைக்க எடுக்கும் ஒரு தேக்கரண்டியில் நாலைந்து கிராம் பொடி பிடிக்கும். மீதிக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

டாக்டர்கள் ஒரு நாளில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வலி நிற்கும்வரை, அல்லது வயிற்றுப்போக்கு பிடிக்கும்வரை, மணிக்கொரு மாத்திரை என்று கொடுத்துவந்தார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கவுட் வலி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மொத்தம் 1.8 மில்லிகிராமும், இன்னொரு பகுதியினருக்கு 4.8 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டும் அதிக அளவு சாப்பிட்டவர்களைப் போட்டு வாட்டின. அதிலிருந்து முதல் நாளுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதையும் குறைப்பார்கள். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு சேர்த்தால் இதே அளவுகூட விஷமாகும். ஆக, ஒரு கிராம் விதையே ஒரு முழு நாள் மருந்தைப்போல நாலைந்து மடங்கு.

குறைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க முடியாது. கோல்சிசின் எல்லா விதையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கொடி எந்த இடத்துக் கிழங்கிலிருந்து வந்தது, மண் எப்படி, காய் எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட வேண்டிய இடத்தில், மூட்டையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கையளவில் அள்ளி வீசினால் பயிர் என்னவாகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பயிர் கருகினால் அடுத்த போகம் இருக்கிறது. ஆளுக்கு அப்படி இல்லை.

கிழங்கை வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு. போகாது. இலங்கையில் இந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

சித்த வைத்தியத்தில் உண்டே?

உண்டு. கலப்பைக்கிழங்கு, வெண்தோண்டி என்ற பெயர்களில் சித்த மருத்துவம் இதை அறிந்து வைத்திருக்கிறது. ஆயுர்வேதம் லாங்கலி என்கிறது. ஆனால் இரண்டுமே இதை நஞ்சாகத்தான் வகைப்படுத்தியிருக்கின்றன. சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. இந்திய மருந்துச் சட்ட விதிகளிலும் லாங்கலி நச்சுப் பொருள்கள் பட்டியலில் இருக்கிறது. சித்த மருந்துதான் வேண்டும் என்பவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போய்ப் பட்டம் பெற்ற மருத்துவரிடம் வாங்கலாம். ‘பாட்டி வைத்தியம்’ என்ற பெயரில் இதை வீட்டில் இடித்துக் கொடுப்பது எந்த வைத்தியத்திலும் சேராது. பழைய காலத்துப் பாட்டிகள் பெரும்பாலும் இந்தக் கொடிப் பக்கம் குழந்தைகளை அண்டவிட்டதில்லை.

மேற்கு நாடுகளிலும் கதை இதுதான். அங்கே கோல்சிகம் என்ற வேறொரு கிழங்குச் செடி. 6-ஆம் நூற்றாண்டிலேயே டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் அந்த இனத்துக் கிழங்கை மூட்டுவலிக்குக் கொடுத்திருக்கிறார். வலி தீர்ந்தவர்களும் உண்டு, விஷம் ஏறியவர்களும் உண்டு. அந்தப் பயத்தினாலேயே பல நூற்றாண்டுகள் அதைத் தள்ளிவைத்தார்கள். 1820-ல் பெல்லெட்டியே, காவெந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கோல்சிகத்திலிருந்து சரக்கைத் தனியே பிரித்தார்கள். மலேரியாவுக்கான கொய்னாவைப் பிரித்ததும் அதே ஆண்டு, அதே இருவர்தான். சரக்கைப் பிரித்து நிறுக்க முடிந்த பிறகே அது நம்பிக் கொடுக்கும் மருந்தாக மாறத் தொடங்கியது.

செடிக்குச் செய்வதே உடம்புக்கும்

வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு கோல்சிசின் வேறு வழியில் பழக்கம். 1937-ல் பிளேக்ஸ்லி, ஏவரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விதையையும் குருத்தையும் கோல்சிசின் கரைசலில் நனைத்துப் பார்த்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வதற்குக் கயிறு போன்ற நுண்ணிழைகள் உருவாகும். கோல்சிசின் அந்தக் கயிறு திரிவதையே தடுத்துவிடுகிறது. குரோமோசோம் இரட்டித்தும் செல் பிரியாமல் நின்றுவிடும். இப்படி இரட்டிப்புச் செய்த தர்ப்பூசணியைச் சாதாரணத் தர்ப்பூசணியோடு சேர்த்துத்தான் ஜப்பானில் கிஹாரா என்ற விஞ்ஞானி விதையில்லாத பழத்தைக் கொண்டுவந்தார். சந்தையில் இன்று வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணிக்குப் பின்னால் இந்தச் சரக்கு இருக்கிறது.

மனித உடம்பில் ஓயாமல் செல் பிரிந்துகொண்டிருக்கும் இடங்கள் எவை? குடலின் உள்தோல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். கண்வலி விஷம் ஏறியவர்களுக்கு அடி விழுவதும் இதே வரிசையில்தான். முதலில் குடல்: சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, தண்ணீர்போலப் பேதி. பிறகு ஓரிரு நாளில் மஜ்ஜை: ரத்த அணுக்கள் சரிந்து, கிருமித் தொற்றும் ரத்தக்கசிவும் வரும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் சேர்ந்து தடுமாறும். பிழைத்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும். இதற்கென்று கடையில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது.

கவனிக்க வேண்டியது அந்த முதல் சில மணி நேரம். சாப்பிட்டவர் நன்றாகத்தான் நடமாடுவார், பேசுவார். “ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். பேதி ஆரம்பித்த பிறகும் சாப்பாடு சேரவில்லை என்று மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ யாராவது விதையோ கிழங்கோ சாப்பிட்டுவிட்டால், குணம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, தாராபுரமோ திருப்பூரோ கோவையோ, எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பிட்ட கிழங்கிலோ விதையிலோ மிச்சத்தைக் கையோடு எடுத்துப் போனால் டாக்டர் நேரத்தை வீணாக்காமல் சிகிச்சையைத் தொடங்க முடியும். பேதி நின்றுவிட்டது என்று மறுநாளே ‘வீட்டுக்குப் போகிறோம்’ என்று கிளம்பவும் கூடாது. ரத்தம் சரிவது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் அப்பாவுக்கு என்ன செய்வது?

கேட்டவரின் கவலை நியாயமானது. கவுட் வலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களை வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டாலும் வாய் திறக்காத ஆள், இந்த வலியில் அழுதுவிடுவார். வீட்டில் செய்யக் கூடியவையும் நிறைய இருக்கின்றன. அதற்கு முன்னால் நோய் என்ன என்று தெரிய வேண்டும்.

உப்புத் தண்ணீர் போர் உள்ள தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புக் கட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் கல்லாகப் படியும். யூரிக் அமிலமும் அப்படித்தான். உடம்பின் செல்கள் அழியும்போதும், சில உணவுகள் செரிக்கும்போதும் அது உண்டாகிறது. பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் முழுதும் கரைந்து நிற்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். குளிர்ந்த இடத்தில் இன்னும் சுலபமாகக் கட்டும். உடம்பிலேயே குளிர்ந்த இடம் கால்விரல். அதனால்தான் பெருவிரல் முதலில் பிடிக்கிறது, அதுவும் பின்னிரவில். படிகத்தைத் தாக்க வெள்ளை அணுக்கள் திரண்டு ஓடிவருவதுதான் வீக்கமும் வலியும். கோல்சிசின் செய்வது அந்த வெள்ளை அணுக்களின் ஓட்டத்தைக் கட்டுவது மட்டும். யூரிக் அமிலத்தை அது ஒரு சொட்டுகூடக் குறைப்பதில்லை. ஆக, விதையை ஆபத்தில்லாமல் கொடுக்க முடிந்தாலும்கூட நோய் அங்கேயேதான் இருக்கும்.

வலி வந்த நாளில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, மூட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிஷம் வைத்து எடுக்கலாம். நாளுக்கு நாலைந்து தடவை. கொங்குப் பக்கம் எந்த வீக்கத்துக்கும் சுடச்சுட ஒத்தடமும், வேப்பெண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் பழக்கம். கவுட் தாக்கியிருக்கும் மூட்டில் உருவினால் வலி ஏறும். ஐஸ்தான் இதற்குப் பொருத்தம். கூடவே குளிர்காய்ச்சல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, மூட்டில் சீழ் வைத்திருக்கலாம்.

தண்ணீர். காட்டில் வேலை செய்பவர்கள் காலையில் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனால் மத்தியானம்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. வேர்வையில் நீர் போய், சிறுநீர் மஞ்சளாகி, யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். சிறுநீர் வெளுத்துப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதுதான் செலவே இல்லாத முதல் வைத்தியம். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

சாப்பாட்டில் விலக்க வேண்டியது எது என்று கேட்டால், பலரும் முதலில் பருப்பை நிறுத்திவிடுகிறார்கள். அரிசியும் பருப்பும், கொள்ளுப் பருப்பும் இல்லாமல் ஒரு கொங்குக் குடும்பம் என்னதான் சாப்பிடும்? அதற்கு அவசியம் இல்லை. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மீன் வகைகள் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்திருந்தது. பருப்பு, கீரை, காளான் சாப்பிட்டவர்களுக்கு அப்படி அதிகமாகவில்லை. பால் பொருட்கள் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறைவாகவே வந்திருந்தது, குறிப்பாகக் கொழுப்புக் குறைந்த பாலில். வெண்ணெய் எடுத்த மோர் என்பது அதுதானே. தொழுவத்தில் மாடு கட்டியிருக்கும் வீட்டில் இதைவிடக் கைக்கெட்டிய வைத்தியம் வேறு இல்லை.

நிறுத்த வேண்டியவை வேறு. கிடாவெட்டு விருந்துக்கு மறுநாள் விரல் வீங்கிப்போய் வருபவர்களை எந்த ஊர் டாக்டரும் பார்த்திருப்பார். ஈரல், சுவரொட்டி, குடல், மூளை ஆகியவற்றில் யூரிக் அமிலமாக மாறும் சரக்கு மிக அதிகம். நெத்திலி, மத்தி, கருவாடு அதற்கடுத்து. எலும்பைக் கொதிக்கவைத்து இறக்கிய குழம்பில் கறியின் சரக்கெல்லாம் இறங்கியிருக்கும். “நான் கறியைத் தொடவில்லை, குழம்பு மட்டும்தான்” என்பதில் அர்த்தம் இல்லை. எந்த மதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும், பீர் மிக அதிகம். கள் உணவா போதையா என்று கொங்கு மண்ணில் நடக்கும் வாதம் தனி. கவுட் உள்ளவருக்கு அதில் வேலை இல்லை. இனிப்புக்கும் பங்கு உண்டு. பாட்டில் குளிர்பானங்கள் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. காரணம் அதிலுள்ள பழச்சர்க்கரை. தேனில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தப் பழச்சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்றாலும் செரித்தால் பாதி அதுவாகத்தான் பிரியும். ‘நாட்டு’ என்று பெயரில் இருப்பதால் உடம்பு சலுகை காட்டுவதில்லை.

முடக்கத்தான் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். வேலியோரம் தானே படரும் கொடி, செலவு இல்லை. தோசை மாவில் அரைத்துக் கலப்பதும் ரசம் வைப்பதும் காலங்காலமாக நடப்பது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் வீக்கத்தைக் குறைக்கும் குணம் இதற்குத் தெரிந்திருக்கிறது. மனிதரில் கவுட்டை இது தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது. கீரையாகச் சாப்பிடலாம், நல்லது. வாரத்துக்கு இரண்டு நாள் முடக்கத்தான் தோசை சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு. நெல்லிக்காயும் அப்படியே: வைட்டமின் சி யூரிக் அமிலத்தைச் சிறிதளவு இறக்கும் என்று ஆய்வுகளில் தெரிகிறது; அரை மில்லிகிராம் அளவுக்கு. 9-ல் இருப்பவரை அது 6-க்குக் கொண்டுவராது. வினிகர் குடித்தால் படிகம் கரையும் என்பதற்குச் சான்றே இல்லை. சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விட்டுக் கழுவுவதுபோல் மூட்டைக் கழுவ முடியாது.

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரிப்பது. எவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் இறங்குவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். அடிக்கடி வலி வருபவர், காதிலும் விரலிலும் சுண்ணாம்புக் கட்டிபோலக் கட்டி வைத்தவர், சிறுநீரகக் கல் உள்ளவர் ஆகியோருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தேவைப்படும். அலோபூரினால் பல காலமாக உள்ளது, விலையும் குறைவு. சிறிய அளவில் தொடங்கி, ரத்தச் சோதனை பார்த்துப் பார்த்து ஏற்றி, 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவார்கள். 6-க்குக் கீழே இருந்தால் கட்டிய படிகம் மெல்ல மெல்லக் கரையும். மாதக் கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷமும் ஆகும். ஆரம்ப மாதங்களில் படிகம் அசைவதால் வலி ஒருமுறை திரும்ப வரலாம். ‘மாத்திரை சாப்பிட்டுத்தான் வலி வந்தது’ என்று நிறுத்திவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தப்புச் செய்கிறார்கள். உடம்பில் தடிப்பு, தோல் உரிதல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்று: ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனாலேயே யூரிக் அமிலம் ஏறுவதுண்டு. தாமாக நிறுத்தாமல், கவுட் இருப்பதை அந்த டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் ஒரு கவரில் போட்டுத் தரும் ‘வலி மாத்திரை செட்’ கூடவே கூடாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்; சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் மேலும் ஏறும்.

தோட்டத்தில் கவனம்

கண்வலி போட்டவர்கள் அந்தப் பயிரை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் பூவும் அதுதான். வறண்ட காட்டில் காசு பார்க்கும் பயிர். பயிரைப் பயிராக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கிழங்கு விரல்விரலாக, கலப்பை வடிவில் இருப்பதால் வள்ளிக்கிழங்கோடு மாறிப்போக வாய்ப்பு அதிகம். விதைக்கிழங்கைச் சமையல் கிழங்கு இருக்கும் அறையில் கொட்டக் கூடாது. விதை சிவப்பாக, குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கிறது. களத்தில் காயும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விதை அளந்த படியை அரிசிக்கு எடுக்கக் கூடாது. மகரந்தம் சேர்க்கவும் விதை உடைக்கவும் வரும் பெண்களுக்குக் கையுறையும், மூக்கில் கட்டத் துணியும், கை கழுவச் சோப்பும் கொடுப்பது தோட்டக்காரர் பொறுப்பு. சாளையில் உட்கார்ந்து அதே கையோடு வெற்றிலை போடுவதைப் பார்த்தால் தடுக்க வேண்டும்.

சிறு கேள்விகள்

கேள்வி: கவுட்டுக்குச் செர்ரிப் பழம் நல்லது என்கிறார்கள். பேக்கரியில் வாங்கிச் சாப்பிடலாமா? – பெருந்துறை வாசகி

பதில்: 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கவுட் உள்ள 633 பேரில், செர்ரி சாப்பிட்ட நாட்களை ஒட்டி வலி வருவது 35 சதவீதம் குறைவாக இருந்தது. அது குளிர் நாட்டு நிஜச் செர்ரி. பேக்கரியில் கேக் மேல் வைக்கும் சிவப்புப் பழம் பெரும்பாலும் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. அதில் கிடைப்பது சர்க்கரைதான். அந்தக் காசுக்கு நெல்லிக்காய் வாங்கலாம்.

கேள்வி: அப்புச்சிக்குக் கவுட். காப்பியை நிறுத்தச் சொல்லலாமா? – கோபி வாசகர்

பதில்: அவசியமில்லை. காப்பி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் போடும் சர்க்கரையைக் குறைத்தால் போதும்.

கேள்வி: கண்வலிக் கொடியை ஆடு கடித்துவிட்டது. என்ன செய்வது? – வெள்ளகோவில் வாசகர்

பதில்: எச்சில் ஒழுகுதல், வயிறு உப்புதல், ரத்தம் கலந்த கழிச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1962-க்குக் கூப்பிட்டுக் கால்நடை மருத்துவரிடம் எதைத் தின்றது என்று சொல்ல வேண்டும். மற்ற ஆடுகளைக் கொடி இருக்கும் பக்கத்திலிருந்து உடனே ஓட்டிவிட வேண்டும். காய் பறித்து முடிந்த பிறகு காய்ந்த கொடியைத் தீவனப் போரோடு சேர்க்கக் கூடாது. கொடி காய்ந்தாலும் சரக்கு அதில் இருக்கும்.